பெட் ஷாப் பாய்ஸ் கிறிஸ் லோ நிஜமா எவ்வளவு நல்ல கீபோர்டு பிளேயர்?

மொட்டைமாடி ரேடியோ:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா மனசுல இருக்குற ஒரு கேள்வி, இங்க கீபோர்டு வாசிக்கிறவங்க நிறைய பேர் இருக்கீங்கன்னு தெரியும், அதான் கேக்குறேன்.

பிரிட்டன்ல ரெண்டே பேர் இருக்குற பாப் குழு பெட் ஷாப் பாய்ஸ், அது எனக்கு உசுரு. காலேஜ் ஹாஸ்டல்ல ஒரு சீனியர் குடுத்த கேசட்ல வெஸ்ட் எண்ட் கேர்ள்ஸ் கேட்டதுல ஆரம்பிச்சது, இன்னிக்கு வரைக்கும் போகல. நீல் டெனன்ட் பாடுறாரு, வரி எழுதுறாரு, அவர் என்ன பண்றாருன்னு எல்லாருக்கும் புரியுது. ஆனா இன்னொருத்தர், கிறிஸ் லோ, தொப்பி போட்டு கூலிங் கிளாஸ் போட்டு கீபோர்டு பின்னாடி அசையாம நிக்கிறவர், அவர் உண்மையில என்ன வாசிக்கிறாரு?

போன வாரம் மச்சான் வீட்டுக்கு வந்திருந்தான். சர்ச் பேண்ட்ல பத்து வருஷமா கீபோர்டு வாசிக்கிறவன், கை பறக்கும். அவன்கிட்ட ஆசை ஆசையா பழைய டிவி வீடியோ ஒண்ணு போட்டுக் காட்டினேன், ரெண்டு நிமிஷம் பாத்துட்டு "இவன் ஒத்த விரல்ல அமுக்கிட்டு நிக்கிறான், மீதி பூரா டேப்பு, இதுக்கு நீயே போதும்"னு சொல்லிட்டு எந்திரிச்சு போயிட்டான். எனக்கு சுருக்குன்னு ஆயிடுச்சு. பதில் சொல்லணும்னு தோணுச்சு, ஆனா என்ன சொல்றதுன்னு தெரியல. ஏன்னா நானும் இப்ப தான் ஒரு வருஷமா கீபோர்டு கத்துக்குறேன், எனக்கு கேக்கத் தெரியுது, எடை போடத் தெரியல.

அதனால நேராவே கேக்குறேன். அவர் நல்ல பிளேயரா, சுமாரா, இல்ல வாசிக்கவே தெரியாதா? ரெக்கார்டுல வர்ற கீபோர்டு எல்லாம் அவர் வாசிச்சதா, வேற ஆளுங்க வாசிச்சதா? ரசிகனா ஆறுதல் சொல்ல வேண்டாம், உண்மைய சொல்லுங்க, தாங்கிக்குவேன்.

---

வெள்ளைக்கட்டை:

நான் பியானோ சொல்லிக் குடுக்குறவ, இருபத்திரெண்டு வருஷம் ஆச்சு. நீங்க உண்மை கேட்டதால உண்மையவே சொல்றேன்.

விரல் வேகம், ரெண்டு கையும் தனித்தனியா ஓடுறது, சின்ன சத்தம் பெரிய சத்தம்னு தொடுறதுலயே வித்தியாசம் காட்டுறது, இதையெல்லாம் வெச்சு பாத்தா அவர் பெரிய பிளேயர்னு சொல்றதுக்கு எந்த ஆதாரமும் நான் பாக்கல. ஒரு ரெக்கார்டுலயும் அவர் பேர்ல ஒரு கஷ்டமான சோலோ கிடையாது. மேடையில அவர் அப்படி ஒண்ணு வாசிச்சு நான் பாத்ததும் இல்ல. ரெண்டு பேர் மட்டும் இருக்குற பாப் குழுவுல உண்மையான கீபோர்டு பிளேயர் வேணும்னா கார்பென்டர்ஸ்ல ரிச்சர்ட் கார்பென்டர எடுத்துக்கோங்க. முறையா பியானோ படிச்சவரு, அரேஞ்ச்மென்ட் அவரே எழுதுவாரு, தங்கச்சி கேரன் பாடுறப்ப வர்ளிட்சர் எலெக்ட்ரிக் பியானோல அவர் கீழ குடுக்குற சப்போர்ட்ட கேட்டாலே தெரியும், ஒவ்வொரு கார்ட்டும், அதாவது மூணு நாலு நோட்ட சேத்து ஒண்ணா அமுக்குறது, எங்க எந்த அடுக்குல உக்காரணும்னு விரலுக்கே தெரிஞ்ச ஆளு. அந்த தராசுல கிறிஸ் லோவ வெச்சா நிக்க மாட்டாரு.

அடுத்தது ரெக்கார்டு. உங்க மச்சான் சொன்னதுல பாதி சரி. அவங்க பாட்டுல வர்ற சத்தம் பூரா லோ ஒருத்தர் கையில இருந்து வந்ததில்ல. ஆப்பர்ச்சூனிட்டீஸ் பாட்ட முதல்ல தயாரிச்சது ஆர்ட் ஆஃப் நாய்ஸ் குழுவுல இருந்த ஜே.ஜே. யெக்சாலிக்கும் நிக்கலஸ் ஃப்ரூமும். இட்ஸ் எ சின் பாட்டுல ஆண்டி ரிச்சர்ட்ஸ்னு ஒரு செஷன் கீபோர்டு பிளேயர், அதாவது மத்தவங்க ரெக்கார்டுக்கு வந்து வாசிச்சு குடுக்குறவர், இருக்காரு, ஃபிராங்கி கோஸ் டு ஹாலிவுட் ரெக்கார்டுகள்ல எல்லாம் வாசிச்ச கை அது. 1990ல வந்த பிஹேவியர் ஆல்பத்துக்கு மியூனிக் போயி ஹரால்ட் ஃபால்டர்மேயர் கூட வேலை பாத்தாங்க, அவரே பெரிய சிந்தசைசர் வித்வான். அப்ப இதுல லோவோட கை எது, மத்தவங்க கை எதுன்னு கேட்டு பிரிக்கவே முடியாது.

இத நான் அவர குறை சொல்றதுக்காக எழுதல. எனக்கும் அந்த பாட்டுகள்ல சிலது ரொம்ப பிடிக்கும். ஆனா "கீபோர்டு பிளேயர்"ங்கிற வார்த்தைக்கு ஒரு அர்த்தம் இருக்கு, அத காப்பாத்தணும். எங்கிட்ட வர்ற பசங்க தினம் ரெண்டு மணி நேரம் ஸ்கேல் வாசிக்கிறாங்க, அந்த உழைப்புக்கும் இதுக்கும் ஒரே பேர் வெக்கிறது எனக்கு சரியா படல.

---

டெம்போ 120:

டீச்சரம்மா சொன்னதுல தகவல் எதுவும் தப்பில்ல, ஆனா தராசே வேறன்னு நான் நினைக்கிறேன். நான் பதினஞ்சு வருஷமா ப்ரோகிராமிங், அதாவது மெஷின்ல நோட்டு ஏத்தி வாசிக்க வெக்கிற வேலை தான் பண்றேன், முதல்ல லைட் மியூசிக் கச்சேரி, அப்புறம் ஸ்டூடியோ. கொஞ்சம் நீளமா எழுதப் போறேன், பொறுத்துக்கோங்க.

முதல்ல ஆளப் பத்தி. கிறிஸ் லோ 1959ல பிளாக்பூல்ல பொறந்தவரு. ஸ்கூல்ல டிராம்போன் வாசிச்சாரு. அவங்க தாத்தாவும் டிராம்போன்காரரு, தி நிட்விட்ஸ்னு காமெடி ஜாஸ் குழு ஒண்ணுல இருந்தவரு. இவர் ஸ்கூல் வயசுலயே ஏழு பேர் டான்ஸ் பேண்ட் ஒண்ணுல சேந்து ஃபங்ஷன்களுக்கு பழைய பாட்டு வாசிச்சிருக்காரு. அப்ப வாத்தியமே தெரியாத ஆளுங்கிற பேச்சு அங்கயே அடிபட்டு போச்சு. டான்ஸ் பேண்ட்ல உக்காந்தவனுக்கு ஒண்ணு தெரியும், சுத்தி ஆறு பேர் வாசிக்கிறப்ப நாம எப்ப சும்மா இருக்கணும்ங்கிறது. அந்த பாடம் பியானோ கிளாஸ்ல கிடைக்கிறது கஷ்டம்.

அதுக்கப்புறம் லிவர்பூல் யூனிவர்சிட்டில ஆர்க்கிடெக்சர் படிச்சாரு. டிரெய்னிங்குக்கு லண்டன் வந்தப்ப 1981 ஆகஸ்ட் 19ந்தேதி செல்சியா கிங்ஸ் ரோட்டுல ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கடையில நீல் டெனன்ட்ட பாக்குறாரு. டெனன்ட்கிட்ட அப்ப கோர்க் எம்எஸ்-10 சிந்தசைசர் ஒண்ணு இருந்துச்சு, அதுக்கு ஒயர் வாங்கத்தான் அங்க வந்திருக்காரு. பேச்சு குடுத்து, ரெண்டு பேருக்கும் டான்ஸ் மியூசிக் பிடிக்கும்னு தெரிஞ்சு, அப்படியே ஒட்டிக்கிட்டாங்க.

இப்ப பாட்டுக்கு வரேன், இது தான் முக்கியம்.

இட்ஸ் எ சின் எடுத்துக்கோங்க. சி மைனர்ல ஆரம்பிச்சு எஃப் மைனர், பி ஃப்ளாட், ஈ ஃப்ளாட், ஏ ஃப்ளாட்னு வரிசையா ஒவ்வொரு கார்ட்டும் மேல நாலாவது சுரத்துக்கு தாவித் தாவி போகும், கடைசில ஜிக்கு வந்து நின்னு மறுபடி சி மைனர். சர்க்கிள் ஆஃப் ஃபிஃப்த்ஸ்னு கிளாஸ்ல சொல்லிக் குடுப்பாங்களே அதே தான், பரோக் காலத்து, அதாவது முன்னூறு வருஷம் முந்தின ஐரோப்பிய சர்ச் இசையில எங்க பாத்தாலும் இருக்கும். அவங்க அப்ப கேம்டன்ல ஒரு சின்ன ஸ்டூடியோவுல எழுதிட்டு இருந்தாங்க, லோ இந்த கார்ட்ஸ வாசிக்கிறத கேட்டு டெனன்ட்டுக்கு கத்தோலிக் ஸ்கூல் ஞாபகம் வந்து கால் மணி நேரத்துல வரி எழுதினதா அவரே சொல்லியிருக்காரு. அப்ப பாருங்க, அந்த பாட்டோட பொருளே கார்ட்ல இருந்து பொறந்திருக்கு. கார்ட் சர்ச் மாதிரி இருந்துச்சு, வரி பாவத்தப் பத்தி வந்துச்சு. அத யார் எந்த வேகத்துல அமுக்கினாங்கங்கிறது எனக்கு ரெண்டாவது கேள்வி.

இன்னொண்ணு, ஆல்வேஸ் ஆன் மை மைண்ட். எல்விஸ் பாடி பேர் வாங்கின பாட்டு. 1987ல அவர் செத்து பத்து வருஷம் ஆனதுக்கு பிரிட்டன்ல ஐடிவில ஒரு நிகழ்ச்சி வெச்சாங்க, அதுக்காக பண்ணினாங்க, அந்த வருஷம் கிறிஸ்துமஸ் நம்பர் ஒன். அதுல பழைய பாட்டுல தலைப்பு வரி முடியிற எடத்துல கார்ட் நேரா வீட்டுக்கு, அதாவது பாட்டோட சுருதி கார்ட்டுக்கு வந்துரும். இவங்க அங்க நேரா வரல, மூலத்துல இல்லாத ரெண்டு கார்ட்ட நடுவுல போட்டு ஒரு சுத்து சுத்தி வீட்டுக்கு வராங்க. அந்த ரெண்டு கார்ட் தான் சோகப்பாட்ட டான்ஸ் பாட்டா ஆக்குச்சு. டெம்போவ ஏத்தினா மட்டும் அது நடந்திருக்காது, நான் ட்ரை பண்ணி பாத்திருக்கேன், அந்த ரெண்டையும் எடுத்துட்டு வாசிச்சா சப்புன்னு ஆயிடும்.

அப்புறம் டேப்பு டேப்புன்னு சொல்றாங்களே. 1983ல மிடி, அதாவது கீபோர்டும் மெஷினும் ஒண்ணோட ஒண்ணு பேசிக்கிற பொது முறை, வந்ததுக்கு அப்புறம் நோட்ட ஞாபகம் வெச்சு தானா வாசிக்கிற சீக்வென்சர்ல நோட்ட ஒண்ணொண்ணா ஏத்தி மெஷின ஓட விடுறது தான் அந்த மாதிரி இசையோட வழி. பேஸ்லைன் ஒரே ஆக்டேவ்ல டக்கு டக்குன்னு கோடு போட்ட மாதிரி வரணும், மனுஷ கை வாசிச்சா அந்த இறுக்கம் வராது. இதே தலைமுறையில எரேஷர் குழுவுல வின்ஸ் கிளார்க் இருக்காரு, டெபெஷ் மோட் ஆரம்பிச்ச காலத்துல பாட்டு எழுதினவரு, அவரும் ஷோ காட்டி வாசிக்கிறவர் கிடையாது. பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டர்ல சீக்வென்ஸ் எழுதி பழைய அனலாக் சிந்த் வரிசைய ஓட விடுவாரு. அவர யாரும் வாசிக்கத் தெரியாதவர்னு சொல்ல மாட்டாங்க, ஏன்னா அவர் சுத்தி ஒயரும் மெஷினுமா நிறைய தெரியும். லோ முன்னாடி ஒரே ஒரு கீபோர்டு தான் இருக்கும், அதனால பேச்சு இவருக்கு விழுது.

என் முடிவு இது தான். விரல்ல சுமார். காதுல, கார்ட் தேர்வுல, எத விடணும்ங்கிறதுல முதல் தரம். வெள்ளைக்கட்டை மேடம் கோவிச்சுக்காதீங்க.

---

தேம்ஸ் கரை:

நான் லண்டனில இருக்கிறன், ஊர் பருத்தித்துறை. 2022 இல ஓ2 அரங்கத்தில பெட் ஷாப் பாய்ஸின்ர ட்ரீம்வேர்ல்ட் நிகழ்ச்சி பார்த்தனான், அதால ஒரு சொட்டு சேர்க்கலாம் எண்டு நினைக்கிறன்.

துவக்கத்தில மேடையில இவையள் ரெண்டு பேரும் மட்டும் தான், ரெண்டு தெருவிளக்கு, அதுக்குக் கீழ நிக்கினம். டெனன்ட் பாடுறார், லோ தன்ர கீபோர்டுக்குப் பின்னால. நான் இருந்த இடத்தில இருந்து விரல் ஒண்டும் தெரியேல்ல, அதால கை எப்பிடி எண்டு நான் தீர்ப்பு சொல்ல மாட்டன். பிறகு பின்னால திரை திறக்க மிச்ச ஆக்கள் தெரியினம், கிளேர் உச்சிமா எண்டு ஒரு பிள்ளை கீபோர்டு வாசிச்சுக்கொண்டு பாடவும் செய்யிறா, தாளத்துக்கு ஆக்கள் இருக்கினம். ஆக மேடையில வேற கீபோர்டு பிளேயர் இருக்கினம் எண்டுறத அவையள் மறைக்கேல்ல. கண்ணுக்கு முன்னால நிக்கினம், பேர் சொல்லி அறிமுகப்படுத்தினம்.

எனக்கு முன் வரிசையில அறுபது வயது தாண்டின ஒரு வெள்ளைக்கார அம்மா இருந்தவ. முழு நிகழ்ச்சியிலயும் அவ டெனன்ட்ட பார்க்கேல்ல, லோவையே பார்த்துக்கொண்டு ஆடினவ. இடைக்கிட அவர் ஒரு கையைத் தூக்கினா போதும், பக்கம் பக்கமா சனம் கத்துது. அசையாம நிக்கிறது ஒரு வேலை தான். எல்லாரும் ஓடி ஆடுற மேடையில ஒருத்தர் அசையாம நிண்டா கண் அங்கதான் போகும். 1980களில டிவியில வாயசைச்சு, கை அசைச்சு நடிக்க வேண்டி இருந்த நேரத்தில மற்றவை எல்லாம் வாசிக்கிற மாதிரி துள்ள, இவர் துள்ள மாட்டன் எண்டு நிண்டவர். தம்பியின்ர மச்சான் பார்த்த வீடியோ அப்பிடி ஒண்டா இருந்தா அதில இருந்து அவற்ற வாசிப்பை எடை போட ஏலாது, அதில ஒருத்தரும் வாசிக்கேல்ல.

இன்னொரு விசயம் ஒருத்தரும் சொல்லேல்ல. 2004 இல இதே லண்டனில ட்ரஃபால்கர் சதுக்கத்தில பேட்டில்ஷிப் பொட்டெம்கின் எண்ட பழைய சோவியத் மௌனப்படத்துக்கு இவையள் முழு இசை எழுதி, டிரெஸ்டன் சிம்பொனிக்காரரோட சேர்ந்து நேரடியா வாசிச்சவை. வாத்தியக்குழுவுக்கு எழுதிக் குடுத்தது டோர்ஸ்டன் ராஷ், அது உண்மை. ஆனா படம் முழுக்க ஓடுற இசைக்கு அடித்தளம் இவையளின்ர. பிறகு 2011 இல சாட்லர்ஸ் வெல்ஸ் அரங்கில ஒரு பாலே நடனம், 2014 இல ராயல் ஆல்பர்ட் ஹோலில கணினி மேதை அலன் டூரிங் பற்றின படைப்பு. ஒத்த விரல்காரருக்கு உந்த வேலைய நம்பிக் குடுப்பினமோ?

---

வெள்ளைக்கட்டை:

டெம்போ சார், கோவமெல்லாம் இல்ல. நீங்க சொன்ன இட்ஸ் எ சின் கார்ட்ஸ நேத்து ராத்திரி உக்காந்து வாசிச்சு பாத்தேன், அந்த வரிசை சுத்தமா இருக்கு, மறுக்கல. பாக் எழுதின சின்ன பீஸ் சொல்லிக் குடுக்குறப்ப இதே நகர்வ பசங்களுக்கு காட்டுவேன்.

ஆனா ரெண்டு விஷயத்துல நான் இன்னும் ஒத்துக்கல. ஒண்ணு, கம்போசர் வேற, பிளேயர் வேற. நீங்களும் தேம்ஸ் கரையும் சொன்ன எல்லாமே கம்போசருக்கான சான்று. கேள்வி பிளேயரப் பத்தி. ரெண்டாவது, அவங்க சொந்தப் பாட்டு பெரும்பாலும் டெனன்ட், லோ ரெண்டு பேர் பேர்லயும் சேந்து தான் வரும், டெனன்ட்டும் கீபோர்டுல கார்ட் பிடிக்கத் தெரிஞ்சவரு தான். அப்ப ஆல்வேஸ் ஆன் மை மைண்ட்ல அந்த ரெண்டு கார்ட்ட போட்டது லோ தான்னு எதை வெச்சு சொல்றீங்க? அத ஸ்டூடியோவுல கூட இருந்த யார் வேணா சொல்லியிருக்கலாம். ரெண்டு பேர் சேந்து செஞ்ச சமையல்ல உப்பு யார் போட்டதுன்னு சாப்பிடுறவன் எப்படி சொல்ல முடியும்.

அசையாம நிக்கிறது ஒரு வேலைங்கிறத ஏத்துக்கிறேன். அது மேடை வேலை, வாத்திய வேலை கிடையாது.

---

டெம்போ 120:

நியாயமான கேள்வி. அந்த ரெண்டு கார்ட் யார் போட்டதுன்னு என்னால அடிச்சு சொல்ல முடியாது, அத வாபஸ் வாங்கிக்கிறேன்.

ஆனா ஒரு பாட்டு இருக்கு, அதுல சந்தேகமே வேண்டாம். ஜெலசி. 1990ல பிஹேவியர் ஆல்பத்தோட கடைசில வந்துச்சு, ஆனா எழுதினது 1982ல, ரெண்டு பேரும் சந்திச்சு ஒரு வருஷம் கூட ஆகியிருக்காது. பிளாக்பூல்ல அப்பா அம்மா வீட்டுல இருந்த பியானோல உக்காந்து லோ இசைய முடிச்சு, டெனன்ட்கிட்ட குடுத்து இதுக்கு வரி எழுதுங்கன்னு கேட்டாரு. முதல்ல பியானோ, பின்னாடி தான் வரி. கூட ப்ரொட்யூசர் இல்ல, ஃபேர்லைட் மாதிரி கம்ப்யூட்டர் சிந்தசைசர் இல்ல, ப்ரோகிராமர் இல்ல, இருபத்திரெண்டு வயசு பையனும் வீட்டு பியானோவும் மட்டும் தான். கடைசில வர்ற ஆர்க்கெஸ்ட்ரா மாதிரி சத்தமெல்லாம் பின்னாடி சேந்தது, அத ஒதுக்கிட்டு அடியில ஓடுற கார்ட்ஸ மட்டும் கேளுங்க. மெலடி மெதுவா ஏறி ஏறி போயி இறங்க மனசில்லாம நிக்கிற மாதிரி இருக்கும். ஒத்த விரல்ல இத கண்டுபிடிக்க முடியாது மேடம், ரெண்டு கையும் பியானோல இருந்தா தான் இந்த நகர்வு கைக்கு கிடைக்கும். உங்களுக்கு என்னைவிட நல்லா தெரியும்.

கம்போசர் வேற பிளேயர் வேறன்னு சொன்னீங்க. பேப்பர்ல எழுதுற இசைக்கு அது சரி. இந்த மாதிரி பாப்ல யாரும் பேப்பர்ல எழுதல, கீபோர்டுல கை வெச்சு தேடித் தேடி தான் எழுதுறாங்க. தேடுற அந்த நேரத்துல வாசிக்கிறதும் எழுதுறதும் ஒண்ணு தான். மேடையில நாம பாக்குறது தேடி முடிச்சதுக்கு அப்புறம். அங்க அவர் விரல எண்ணி என்ன ஆகப் போகுது.

---

பூனைக்கண்:

நடுவுல வரேன், மன்னிக்கணும். எனக்கு இசை இலக்கணம் தெரியாது, கேக்குறவ மட்டும் தான். ஒரே ஒரு சின்ன விஷயம்.

1986ல சபர்பியா சிங்கிளோட பின்பக்கம் வந்த பனினாரோ பாட்டுல பாடுறதே, பேசுறதே லோ தான். நடுவுல அவரோட டிவி பேட்டில இருந்து ஒரு துண்டு வரும், தனக்கு என்ன பிடிக்காது, ராக் அண்ட் ரோல் பிடிக்காதுன்னு அடுக்கிட்டே போயி, பிடிச்சத மட்டும் உயிரா பிடிக்கும்னு முடிப்பாரு. எனக்கு அத கேட்டதுக்கு அப்புறம் தான் அவர் ஏன் சோலோ வாசிக்கலங்கிறதே புரிஞ்சுது. கிட்டார வளைச்சு வளைச்சு நான் எவ்வளவு பெரியவன் பாருன்னு காட்டுற கலாச்சாரமே அவருக்கு ஆகல. வாசிக்க முடிஞ்சாலும் வாசிக்க மாட்டாரு. அதனால சோலோ இல்லங்கிறத திறமைக்கு எதிரான சான்றா வெக்கிறது எனக்கு சரின்னு தோணல.

---

வெள்ளைக்கட்டை:

ஜெலசி கேட்டேன். மூணு தடவ கேட்டேன். அது பியானோல உக்காந்து எழுதின பாட்டு தான், சந்தேகமில்ல, இடது கை யோசிச்சிருக்கு. அந்த வயசுல அந்த பாட்டு எழுதினவர் என் கிளாஸ்ல இருந்திருந்தா ஸ்கேல் வாசின்னு விரட்டியிருப்பேனான்னு யோசிச்சேன். விரட்டியிருப்பேன். ஆனா பாட்டையும் விடாதன்னு சொல்லியிருப்பேன்.

பூனைக்கண், வாசிக்க முடிஞ்சும் வாசிக்கலன்னு சொல்றதுக்கு முடியும்ங்கிறத ஒரு தடவையாவது கேட்டிருக்கணும். அது மட்டும் எனக்கு இன்னும் கிடைக்கல. அதனால பெரிய பிளேயர்னு எழுத மாட்டேன். நல்ல கைன்னு எழுதுவேன்.

---

மொட்டைமாடி ரேடியோ:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, இவ்வளவு பேர் இவ்வளவு அக்கறையா எழுதுவீங்கன்னு எதிர்பார்க்கல. தேம்ஸ் கரை அண்ணா, நான் போட்டுக் காட்டினது நீங்க சொன்ன மாதிரி டிவில வாயசைச்சது தான், தப்பான வீடியோவ காட்டி நானே அவர மாட்டி விட்டிருக்கேன்.

நேத்து மச்சான் மறுபடி வந்தான். இந்த தடவ வீடியோ எதுவும் போடல, ஜெலசிய மட்டும் போட்டு கண்ண மூடிக்கிட்டு கேளுடான்னு சொன்னேன். முடிஞ்சதும் ஒண்ணும் பேசல, நேரா என் கீபோர்டுல போயி உக்காந்து அந்த கார்ட்ஸ தேட ஆரம்பிச்சான். முக்கால் மணி நேரம். சாப்பிட கூப்பிட்டா வரல. கடைசில "இது நான் நெனச்ச மாதிரி ஈசி இல்லடா"ன்னு மட்டும் சொன்னான்.

இப்ப எனக்கு ஒரு உதவி வேணும். இட்ஸ் எ சின் நான் கத்துக்கிட்டு இருக்கேன், டெம்போ சார் சொன்ன வரிசைப்படி. ஆனா ஒவ்வொரு கார்ட்டுக்கும் கை மொத்தமா தாவுது, சத்தம் துண்டு துண்டா வெட்டி வெட்டி வருது. ரெக்கார்டுல அப்படியே வழுக்கிட்டு போகுதே, அது எப்படி?

---

வெள்ளைக்கட்டை:

இதுக்கு நான் பதில் சொல்றேன், இது என் வேலை.

நீங்க எல்லா கார்ட்டையும் கீழ இருந்து அடுக்கி பிடிக்கிறீங்க, அதான் தாவுது. இந்த வரிசையில பக்கத்து பக்கத்து கார்ட் ரெண்டுக்கும் ஒரு நோட்டு பொதுவா இருக்கும், அத விடாம பிடிச்சுக்கிட்டு மத்த ரெண்டு விரல மட்டும் நகத்துங்க. சி மைனர்ல இருந்து எஃப் மைனர் போறப்ப சி அப்படியே இருக்கட்டும். எஃப் மைனர்ல இருந்து பி ஃப்ளாட்டுக்கு எஃப் இருக்கட்டும். அங்க இருந்து ஈ ஃப்ளாட்டுக்கு பி ஃப்ளாட். அடுத்து ஏ ஃப்ளாட்டுக்கு ஈ ஃப்ளாட். கை அரை சாண் கூட நகராது, மேடையில அவர் நிக்கிறாரே அது மாதிரி தான்.

ஏ ஃப்ளாட்டுக்கு அப்புறம் ஜி வர்ற எடத்துல மட்டும் கவனம், அங்க பொதுவா ஒரு நோட்டும் கிடையாது. அதனால நேரா போகாதீங்க. ஏ ஃப்ளாட்ல இருக்குற அந்த சிய பிடிச்சுக்கிட்டே முதல்ல ஜி சஸ் ஃபோருக்கு, அதாவது ஜி, சி, டி மூணும் சேந்த கார்ட்டுக்கு போங்க, ஒரு நிமிஷம் தாங்குற மாதிரி நில்லுங்க, அப்புறம் சிய பிக்கு இறக்குங்க. ஒரே ஒரு விரல் அரைக்கட்டை கீழ இறங்கும். முதல்ல நிமிஷத்துக்கு 60 தட்டு வேகத்துல வெச்சு வாசிங்க, இடது கைல வெறும் அடி நோட்டு போதும். ஒரு வாரம் கழிச்சு எப்படி வருதுன்னு இங்க எழுதுங்க.